மூன்று தண்ணீருக்கு ஒரு மோட்டார்

பழவேற்காட்டில் படகுக்கு மோட்டார் வாங்கப் போகிறவர் ஒரே எஞ்சினிடம் மூன்று வேலை கேட்கிறார். முழங்காலும் இடுப்புமாக ஆழம் மாறிக்கொண்டே இருக்கும் ஏரியில் ஓட வேண்டும். மணல் திட்டும் அலையும் சேர்ந்து மிரட்டுகிற முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டும். தாண்டியபின் வங்கக் கடலில் மணிக்கணக்காக நிற்காமல் ஓட வேண்டும். கடையில் இருக்கும் மோட்டார்களில் ஒன்றுகூட இந்த மூன்றையும் முழுசாகச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. ஒன்றுக்குச் சரியாக இருப்பது அடுத்ததில் காலை வாரும்.

'எந்த மோட்டார் நல்ல மோட்டார்?' என்று எழுதினால் எண்ணூர் தொடங்கி இடமணி வரைக்கும் படிப்பார்கள் என்பது ஆசிரியர் குழுவின் கணக்கு. படிக்கட்டும். ஆனால் குப்பங்களில் மோட்டார் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் மணலில் போய்த்தான் நிற்கிறது. எனவே இந்தக் கட்டுரையும் அங்கேதான் போய் நிற்கும்.

முதலில் ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பரப்பு பெரிது, ஆழம் சொற்பம்: சராசரியாக ஒரு மீட்டர்தான். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு முனை மட்டும் திருவள்ளூர் மாவட்டத்துக்கு. வாடைக்காலத்தில் ஆரணி ஆற்று வெள்ளம் வந்து சேரும்போது படகு தாராளமாக மிதக்கும். சித்திரை, வைகாசியில் அதே இடத்தில் சேறு தெரியும். இத்தனை குறைந்த தண்ணீரில் நூற்றாண்டுகளாக ஓடியவை கழியும் பாயும். கழிக்கு ஆழம் குறைவதால் கஷ்டமில்லை, இன்னும் சௌகரியம். மோட்டாருக்கு அப்படியில்லை.

அவுட்போர்டு மோட்டாரை எடுத்துக்கொள்வோம். படகின் பின்முனையான அமரத்துப் பலகையில் மாட்டித் தொங்கவிடுவது. அதன் கால் தண்ணீருக்குள் நேர்குத்தாக இறங்கி நிற்கும். கால் நுனியில் பல்சக்கரப் பெட்டி, அதன் பின்னால் விசிறி, விசிறிக்கும் கீழே ஒரு தகடு. ஏரித்தரையை முதலில் தொடுவது அந்தத் தகடுதான். இன்னொரு தொல்லை கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் சூட்டை ஆற்ற இந்த மோட்டார் ஏரித் தண்ணீரையே உள்ளே உறிஞ்சுகிறது. ஏரித் தண்ணீரோடு சேறும் பொடி மணலும் சிப்பித் தூளும் போகின்றன. உறிஞ்சித் தள்ளும் ரப்பர் சக்கரம் தேய்கிறது, உள்ளே ஓடும் குழாய் அடைக்கிறது, எஞ்சின் கொதிக்கிறது. பக்கவாட்டில் பீய்ச்சும் நீர்த்தாரை மெலிந்தால் உடனே நிறுத்த வேண்டும். மீன் பாடு நன்றாக இருக்கும் விடியலில் யார் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்?

நீள்வால் எஞ்சின், படகுக்காரர்கள் லாங் டெயில் என்கிறார்களே அது, வேறு சாதி. அமரத்தில் ஒரு முளையின்மேல் காற்றில் குளிரும் டீசல் எஞ்சின் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஆள் உயரத்தையும் மிஞ்சிய ஷாஃப்ட் பின்பக்கமாக நீண்டு போய், நுனியில் விசிறியோடு தண்ணீரை மேலாகத் தொட்டுக்கொண்டிருக்கும். கைப்பிடியை அமுக்கினால் விசிறி மேலே வரும், தூக்கினால் கீழே போகும். முழங்கால் ஆழம் போதும். எஞ்சினுக்குள் உப்புத் தண்ணீர் போவதற்கே வழியில்லை. தாய்லாந்துக் கால்வாய்களில் பெயர்பெற்ற இந்த ஏற்பாட்டைப் பிரித்துப் பார்க்கப் பெரிய படிப்பும் வேண்டாம். பொன்னேரியில் வயல் பம்ப்செட் பழுது பார்க்கிறவரால் இதையும் பார்த்துவிட முடியும். குறைகளும் உண்டு. பெரும்பாலானவற்றில் பின்னோக்கிப் போக கியர் கிடையாது. சத்தம் காதைப் பிளக்கும். சுழலும் ஷாஃப்ட் பக்கத்தில் லுங்கியோ வலையோ போனால் விபரீதம்.

ஏரிக்கு நீள்வால்தான். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. கடலோடிகள் வேகத்துக்கும் திருப்பும் லாகவத்துக்கும் அவுட்போர்டுதான் என்பார்கள். அவர்கள் கடலுக்கு அது சரி.

எண்ணெய்க் கணக்கு போட்டாலும் அதுதான் வருகிறது. பத்து எச்.பி. மண்ணெண்ணெய் அவுட்போர்டு முழு வேகத்தில் மணிக்கு 4 லிட்டருக்கு மேல் குடிக்கும். கிளப்புவதற்குத் தனியாக பெட்ரோல், இரண்டு ஸ்ட்ரோக் என்பதால் எரிபொருளில் கலக்க ஆயிலும் வேண்டும். அதே திறனுள்ள டீசல் எஞ்சினுக்கு ஏறக்குறைய பாதி போதும். மண்ணெண்ணெய் மோட்டார் வைத்த நாட்டுப்படகுக்கு ஆண்டுக்கு 3,400 லிட்டராக இருந்த மானிய அளவை 3,700 ஆகவும், டீசல் நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டரை 4,400 ஆகவும் உயர்த்துவதாகத் தமிழக அரசு 2023-ல் அறிவித்தது. மாதத்துக்குப் பிரித்தால் மண்ணெண்ணெய் 308 லிட்டர். மாதம் 25 நாள் தொழிலுக்குப் போகிறவருக்கு இது ஒரு நாளில் மூன்று மணி நேர ஓட்டத்துக்குத்தான் வரும். டீசல்காரருக்கு அதே கணக்கில் ஆறு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது. மூன்று மணி நேரத்தில் கடலுக்குப் போய்த் திரும்பிவிடலாம் என்று சொல்கிறவர் கடலுக்குப் போகாதவராக இருக்க வேண்டும்.

ஏரிக்குள் வேகம் எதற்கு என்ற கேள்வியும் உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் உள்ளிட்ட குப்பங்களில் இறாலுக்குக் கட்டும் சுத்துவலைக்குப் பாடு முறை இருக்கிறது. இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு என்று முறைவைத்து ஒதுக்கிவிட்டால், முந்திப் போனவருக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. பட்டினவர் ஊர்களின் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கும் பட்டியல் சாதியினருக்கும், கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் பாடு பற்றி வேறு கருத்து உண்டு; அது நெடுநாள் வழக்கு. மோட்டார் விஷயத்துக்கு மட்டும் சொல்கிறேன்: பாடு நடக்கும் இடத்தில் எச்.பி. போட்டி எடுபடாது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் இருந்த இடத்தில் ஃபைபர் படகுகள் வந்து நிறைந்தன. கடலை நோக்கிய ஓட்டம் கூடியது. போட்டியும் அங்கிருந்துதான் வந்தது.

கடலுக்குப் போக வேண்டுமானால் முகத்துவாரம். இதைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

லைட் ஹவுஸ் குப்பத்துப் பக்கம் ஏரி கடலைச் சந்திக்கும் வாயில் மணல் மேடு ஒன்று தண்ணீருக்குள்ளே கிடக்கும். இன்று கிடந்த இடத்தில் அடுத்த வாரம் இருக்காது. கடலிலிருந்து வரும் அலை அந்த மேட்டில் தட்டித்தான் உடையும். படகுக்காரர் உள்பக்கம் காத்திருந்து பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்து போக விட்டு, நடுவே தணிகிற சில நொடிகளில் பாய்ந்து தாண்ட வேண்டும். முன்முனையான அணியத்தில் ஒருவர் கழியைக் குத்தி ஆழம் பார்ப்பார். அமரத்தில் இருப்பவர் அவர் கையைப் பார்ப்பார். அந்த நொடிகளில் எஞ்சின் என்ன செய்கிறது என்பதில் உயிர் இருக்கிறது.

அவுட்போர்டின் கால் மணலில் மோதினால் மோட்டார் தானாகப் பின்பக்கம் மேலே எகிறும்படி செய்திருக்கிறார்கள். விசிறி உடையாமல் காக்க அந்த ஏற்பாடு. ஆற்றில் அது நல்லது. முகத்துவாரத்தில் மோட்டார் எகிறினால் விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து வெறும் காற்றைக் கடையும், படகு நின்றுவிடும். நின்ற படகை அடுத்த அலை பக்கவாட்டில் திருப்பிப் போட்டுவிடும். எகிறாதபடி கயிறு போட்டு இறுக்கிக் கட்டினால், மோதும்போது விசிறியைப் பிணைக்கும் பின் ஒடியும் அல்லது அமரத்துப் பலகை பிளக்கும். நீள்வாலிலும் தொல்லை இல்லாமல் இல்லை. அலை நுரைக்கும் தண்ணீரில் விசிறி பிடிப்பில்லாமல் சுற்றும், நீண்ட ஷாஃப்டைச் சட்டென்று திருப்ப முடியாது. ஆனால் மணலில் தட்டும்போது அமரத்துக்காரர் கையால் விசிறியை நாலு விரற்கடை தூக்கி ஓட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடியும். ஒன்றில் இயந்திரம் முடிவெடுக்கிறது, மற்றதில் மனிதர் எடுக்கிறார். அந்த வாயைத் தினமும் தாண்டுகிறவர் கையைத்தான் நான் நம்புவேன்.

இந்தச் சிக்கலுக்கு எப்போதோ ஒரு விடை வந்தது என்பது பலருக்கு மறந்துவிட்டது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979-ல் தொடங்கியபோது அதன் தலைமையிடம் சென்னை. துறைமுகமே இல்லாத நம் கரைகளில் அலையைத் தாண்டி மணலில் ஏறும் படகுகளை அவர்கள் வடிவமைத்தார்கள். அவற்றுக்கென்று ஒரு இயக்க முறையும் செய்தார்கள். டீசல் எஞ்சின், ஷாஃப்ட், விசிறி மூன்றும் ஒரே துண்டாக ஏற்றம்போல ஆடும். மணல் பட்டால் விசிறி படகின் அடிக்குள் ஏறிக்கொள்ளும். ஆடும் இடத்தில் தண்ணீர் புகாமல் ரப்பர் உறை. அருமையான யோசனை. ஆனால் ஃபைபர் படகும் தொங்கும் மோட்டாரும் மலிவாக வந்து குவிந்தபோது அது பின்தங்கிவிட்டது. கடற்கரையில் படகை மேலேற்றும் வேலையைப் பல குப்பங்களில் இப்போது டிராக்டர் செய்கிறது. கரைக்கு டிராக்டர் வந்துவிட்டது. வாய்க்கு எதுவும் வரவில்லை.

வாய் ஏன் தூர்கிறது? இந்தக் கரையோரமாக மணல் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கிறது. பெரும்பகுதி ஆண்டில் தெற்கிலிருந்து வடக்கே, வாடைக்காலத்தில் திரும்பத் தெற்கே. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். வழியில் திறந்திருக்கும் வாயில் அது படியும். மழைக்கால வெள்ளம் வெளியே பாய்ந்தால் படிந்ததைத் தள்ளிவிடும். வெள்ளம் குறைந்த ஆண்டில் தள்ள ஆளில்லை. கரையோரக் கட்டுமானங்கள்தான் காரணம் என்று ஒரு கட்சி, இயற்கையே அப்படித்தான் என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியும் பேசிக்கொண்டிருக்கட்டும், வாய் குறுகுவதை இருவரும் மறுக்கவில்லை. வாய் அடைத்தால் கடல் தண்ணீர் ஏற்ற வற்றத்தில் உள்ளே வராது, இறால் குஞ்சு வராது, கோடையில் ஏரியின் உப்பு ஏறும். ஊர்க்காரர்கள் கைப்பணம் போட்டு ஆட்களையும் பொக்லைனையும் இறக்கி வெட்டித் திறந்த காலங்கள் உண்டு. கடல் அதை மறுபடி மூடியதும் உண்டு. வாயின் இருபுறமும் கடலுக்குள் கல் சுவர் நீட்டி நிரந்தரமாகத் திறந்து வைக்க 26 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்ட திட்டமும் போட்டார்கள். சுவர் நல்லதே. மணல் தடுக்கப்படுவதால் கடல் வேறு எந்தக் குப்பத்தின் கரையைத் தின்னும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மோட்டார் கடையில் நடப்பதற்கும் இந்த மணலுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. வாய் ஆழமாக இருந்தவரை எட்டு எச்.பி.யில் வெளியே போய் வந்தார்கள். மேடு உயர உயர, அலைக்கு நடுவே கிடைக்கும் நேரம் குறைகிறது. குறைந்த நேரத்தில் தாண்ட உந்து சக்தி கூடுதலாக வேண்டும். எட்டு பத்தாகிறது, பத்து பதினைந்தாகிறது. கூடுதல் எச்.பி. முழுக்க வேலைக்கு வருவது அந்தச் சில நொடிகளுக்கு மட்டும். மற்ற நேரமெல்லாம் அந்தக் கனத்தையும் தாகத்தையும் படகு சும்மா சுமக்கிறது. பொதுப் பணத்தில் தூர்வார வேண்டிய மணலை ஒவ்வொரு மீனவரும் தன் கைக்காசில், எஞ்சின் என்ற பெயரில் வாரிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் என் ஆதங்கம். மானியத்தில் எஞ்சின் வாங்கலாமே என்பார்கள். மானியம் விலையில் ஒரு பங்குதான். குடிக்கிற எண்ணெய் காலம் முழுக்க.

வாங்கியே ஆக வேண்டியவருக்கு என் கருத்து இது. தொழிலில் பாதிக்கு மேல் ஏரியில் என்றால் பத்து எச்.பி.க்கு மிகாத டீசல் நீள்வால் போதும். ஷாஃப்டுக்குக் கம்பி உறை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். முழுக்கக் கடல் என்றால் அவுட்போர்டு எடுங்கள், ஆனால் உங்கள் அமரப் பலகையின் உயரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். 15 அங்குலக் கால் போதுமான படகுக்கு 20 அங்குலக் கால் மாட்டினால் முகத்துவாரத்தில் அந்த ஐந்து அங்குலத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு நாளும் கரை வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி ஓட்டுங்கள். உப்பு அரிப்பை வாங்கிக்கொள்வதற்காகக் காலில் பதித்திருக்கும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றுங்கள். பேட்டரி மோட்டார் பற்றியும் கேட்கிறார்கள். ஏரிக்குள் சும்மா போய்வர ஓடும், அலையைத் தாண்ட அதை நம்பி யாரும் இன்னும் போகவில்லை.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. புது அவுட்போர்டு லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. கையில் அவ்வளவு இல்லாதவர் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார். முன்பணம் தீரும்வரை மீன் அவருக்குத்தான், விலை அவர் சொல்வதுதான். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது. புயல் எச்சரிக்கை நாளிலும் அப்படியே. வாய் அடைத்த மாதங்களில் போகவே முடியாது. அந்த நாட்களிலும் முன்பணம் குறைவதில்லை. கல் சுவரால் நாளைக்கே வாய் ஆழமாகித் திறந்துகொண்டால், எட்டு எச்.பி. மறுபடி போதும். பதினைந்தை வாங்கியவர் அதை யாரிடம், என்ன விலைக்கு விற்பார் என்று கேட்டால் குப்பத்தில் சிரிக்கிறார்கள்.