கையொப்பமிடும் முன்

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, எம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மனைவியுடன் என்னைக் காண வந்தார். எட்டு ஆண்டுகள் ஒரே தொழிற்சாலையில் உழைத்தவர். "ஆட்களைக் குறைக்கிறோம், நாங்கள் நீக்கினால் உன் பெயர் கெடும், நீயே விலகுவதாக எழுதிக் கொடு" என்றாராம் மேலாளர். இவரும் எழுதிக் கொடுத்துவிட்டார். "மானத்தோடு வந்துவிட்டேன், சாமி" என்றார். மனைவியோ வாய் திறவாமல் கைக்குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மானம் பெரிதுதான். ஆயினும் அக்கையொப்பத்தால் இழந்தது எவ்வளவு என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம்.

தானாக விலகுதல், ஆட்குறைப்பு, ஒழுங்கீனத்திற்காக நீக்கம் ஆகிய மூன்றும் ஒன்றல்ல. ஆட்குறைப்பில், ஓராண்டேனும் தொடர்ந்து உழைத்தவருக்கு ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தரவேண்டும். நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகவும் தரவேண்டும். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இவ்விதி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் நிலைத்துள்ளது. ஓராண்டிற்குள் மீண்டும் ஆள் எடுத்தால், நீக்கப்பட்டவருக்கே முன்னுரிமை. தானாக விலகியவருக்கு இவை எதுவும் இல்லை. நம் இளைஞரின் மாத ஊதியம் ரூ.13,000. அவர் இழந்த இழப்பீடு ஏறத்தாழ ரூ.52,000, முன்னறிவிப்பு ஊதியம் வேறு.

எனினும் எல்லாம் போய்விடவில்லை. ஐந்தாண்டு பணி முடித்தவர் தானாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. அவர் கணக்கில் அது ரூ.60,000. வருங்கால வைப்பு நிதியும் அவருடையதே. ஒழுங்கீனத்திற்காக நீக்கப்பட்டவர்க்கும் பணிக்கொடையை எளிதில் மறுக்க இயலாது; நிறுவனத்திற்கு இழப்பு விளைவித்தல், வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் போன்ற காரணங்கள் வேண்டும்.

தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகம் 2005இல் தொடங்கிய வேலையிழப்பு உதவி, ஆலை மூடல், ஆட்குறைப்பு, நிரந்தர உடல் இயலாமை ஆகியவற்றால் வேலை இழந்தவர்க்கே உரியது. 2018இல் வந்த மற்றொரு திட்டமும் ஒழுங்கீனத்தால் நீக்கப்பட்டோரையும் விருப்ப ஓய்வு பெற்றோரையும் விலக்கியது. ஆகவே, கழகக் கிளை அலுவலகத்தில் உடனே கேட்டறிவது நன்று.

அடுத்த வேலையின் கதி என்ன என்பீர்கள். ஆலை ஆள் குறைத்தது தொழிலாளியின் குற்றமன்று. அதை மறைக்க வேண்டியதில்லை. புதிய இடத்தார் கேட்பது பணி விடுவிப்புச் சான்றும் அனுபவச் சான்றும். அவற்றை மறவாமல் பெறுங்கள். கேட்டால் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். பழைய முதலாளியைத் தூற்றாதீர்கள்.

வேலையிழந்தோர்க்கு உதவுவது கடமை என்றும், அது உயிர்வாழும் உரிமையிலிருந்தே பிறக்கிறது என்றும் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் உழைப்பைப் பற்றி வரைந்த சுற்றுமடலில் கற்பித்தார். எனவே உரிமையைக் கேட்பது பேராசையாகாது.

அவ்விளைஞரைத் தொழிலாளர் துறை அலுவலரிடம் அனுப்பினேன். பணிக்கொடை கைக்கு வந்தது, இழப்பீடு வரவில்லை. வற்புறுத்தலால் எழுதியதை மெய்ப்பிக்க அவரிடம் சான்றில்லை.

ஆதலால் பெற்றோரே, வேலைக்குச் செல்லும் உங்கள் மக்களுக்கு ஒரு வாக்கியம் கற்றுக்கொடுங்கள்: "ஒரு நாள் தாருங்கள், ஐயா, வீட்டில் கலந்து பேசிவிட்டுக் கையொப்பமிடுகிறேன்."