பாட்டிகள் உட்காரும் மரப் பெஞ்சு

ஜிம்பாப்வே நாட்டு மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவுக்கு 2005-இல் ஒரு போன் வந்தது. அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த 26 வயதுப் பெண்ணின் அம்மா பேசினார். மகள் தற்கொலை செய்துகொண்டாள் என்றார். "ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் என்னிடம் அழைத்து வருவதாகத்தானே பேசினோம், ஏன் வரவில்லை?" என்று கேட்டார் டாக்டர். தலைநகர் ஹராரேவுக்கு வரப் பஸ் செலவுக்கு 15 டாலர் இல்லை என்றார் அந்தத் தாய்.

நோய் இன்னதென்று தெரியும். மருந்து உண்டு, மருத்துவரும் உண்டு. குறுக்கே நின்றது 15 டாலர். இந்தச் சாவு சிபாண்டாவின் தொழிலையே மாற்றிவிட்டது. நோயாளி நம்மைத் தேடி வரட்டும் என்று இருந்தால் இப்படித்தான் ஆகும், வைத்தியம்தான் அவர்கள் தெருவுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தார். ஆனால் யாரை அனுப்புவது? ஒரு கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் நாட்டில் மனநல மருத்துவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான்.

அந்த வருஷம் ஏழைகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 'முரம்பட்ஸ்வினா' என்று பெயர் வைத்து, நகரத்துக் குடிசைகளையும் தெருக்கடைகளையும் அரசே இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர் என்று ஐ.நா. கணக்கிட்டது. எச்.ஐ.வி. வேறு வீட்டுக்கு வீடு துயரத்தை வைத்திருந்தது. ஹராரேயின் பழைய குடியிருப்பான ம்பாரேயில் வேலையைத் தொடங்கினார் சிபாண்டா. கிளினிக்கில் நர்ஸுகளுக்கு மூச்சுவிட நேரமில்லை. உட்கார்ந்து பேச ஓர் அறையும் இல்லை. கடைசியில் கிடைத்தவர்கள், வீடு வீடாகப் போய் சுகாதார வேலை பார்த்துவந்த 14 பாட்டிகள். கிடைத்த இடம் கட்டடத்துக்கு வெளியே. அங்கே ஒரு மரப் பெஞ்சைப் போட்டார்கள். அது 2006.

முதலில் அதற்கு மனநல பெஞ்சு என்றுதான் பெயர். அப்படிச் சொன்னால் ஒருவரும் வந்து உட்கார மாட்டார்கள் என்று பாட்டிகள் சொன்னார்கள். 'நட்பு பெஞ்சு' ஆனது. சொற்களிலும் அவர்கள் பேச்சே நிலைத்தது. 'டிப்ரெஷன்' என்ற வார்த்தை அந்தத் தெருவில் யாருக்கும் ஒட்டவில்லை. ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்பார்கள். யோசித்து யோசித்தே ஆள் தேய்ந்துபோவது. நம்மூரில் "ஒரே யோசனையா இருக்கு, தூக்கமே இல்ல" என்று சொல்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு பெண் வந்து உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி கையில் 14 கேள்விகள் இருக்கும். போன ஒரு வாரத்தில் தூக்கம் கெட்டதா? அழுகை வந்ததா? வேலை பின்தங்கியதா? உயிரை விடலாமென்று தோன்றியதா? ஆம், இல்லை என்று சொன்னால் போதும். மும்பையில் பிறந்த மனநல மருத்துவர் விக்ரம் படேல் 1990-களில் ஹராரேயில் வேலை பார்த்தபோது, அங்குள்ளவர்களோடு சேர்ந்து ஷோனா மக்களின் பேச்சிலிருந்தே உருவாக்கிய கேள்விகள் இவை. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் பாட்டி தானே சமாளிக்கப் பார்ப்பதில்லை. மேலே இருப்பவர்களிடம் அனுப்பிவிடுகிறார்.

மற்றவர்களோடு பேச்சு தொடரும். முதல் படி மனதைத் திறப்பது. வாடகை பாக்கி, வேலையில்லாத கணவன், விழுங்க மனம் வராத எச்.ஐ.வி. மாத்திரை என்று எல்லாம் வெளியே வரும். அதில் ஒன்றை மட்டும் அவளே எடுக்க வேண்டும். அதற்கு என்ன செய்யலாம் என்பதும் அவள் வாயிலிருந்தே வர வேண்டும். வயதில் மூத்தவர்களுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை இருக்க முடியாது என்று நினைக்கிறேன். வாய் நுனியில் புத்திமதி நிற்கும். அதை அடக்கிக்கொண்டு, "நீ என்ன நினைக்கிறே, கண்ணு?" என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்விக்குத்தான் பயிற்சி தேவைப்படுகிறது. பாசமும் பொறுமையும் பாட்டிகளிடம் முன்பே இருந்தன. அதிகபட்சம் ஆறு முறை சந்திப்பு. பிறகு பெண்கள் கூடி உட்கார்ந்து பழைய பிளாஸ்டிக்கில் பை பின்னுகிற குழுவில் சேரலாம். பேச்சோடு நாலு காசும் கிடைக்கும்.

இதெல்லாம் ஆறுதல் வார்த்தைதானே என்று சந்தேகப்பட்டவர்களுக்கு 2016-இல் பதில் கிடைத்தது. ஹராரேயில் 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்து நடந்த ஆய்வு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 50 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் அப்படியே இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 14 சதவீதம்தான். இன்று மலாவியிலும் சான்சிபாரிலும் அந்தப் பெஞ்சு இருக்கிறது. நியூயார்க் நகரமும் ம்பாரே பாட்டிகளிடம் பாடம் கற்றுக்கொண்டு பெஞ்சு போட்டது.

இதைப் படிக்கும் உங்களுக்கோ, உங்கள் வீட்டில் ஒருவருக்கோ மனது தாங்காத நாள் வந்தால், மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது. தயங்காமல் கூப்பிடுங்கள்.