படகின் அடியில் ஒரு துவாரம்

சமுத்திரத்தில் செல்லும் படகின் அடிப்பாகத்தில் வேண்டுமென்றே துவாரமிடுவது விபரீதமாகத் தோன்றலாம். ஆயினும், யந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீர் உள்ளே வருவதற்கும், கழிவுநீர் வெளியேறுவதற்கும், சிறிய பாய்மர உல்லாசப் படகுகளில் நீர்மட்டத்துக்குக் கீழே இத்தகைய துவாரங்கள் சில அவசியமாகின்றன. அவற்றில் பொருத்திய குழாயோ, அதன்மேல் அமரும் வால்வோ முறிந்தால் நேரும் அபாயம் அற்பமன்று: ஒரு மீட்டர் ஆழத்திலுள்ள 4 சென்டிமீட்டர் துவாரத்தின் வழியே நிமிடத்துக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீர் உட்புகும்.

ஆகவே முதலில் ஆராயவேண்டியது லோகத்தை. பார்வைக்கு வெண்கலத்தைப் போலவே பளபளக்கும் பித்தளை, மலிவாகக் கிடைப்பதால் பலரை மயக்குகிறது; ஆனால் அதிலுள்ள துத்தநாகத்தை உப்புநீர் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டு போக, எஞ்சிய செம்பு நுண்துளைகள் மலிந்து, உருவம் குலையாமலே வலிமையை இழந்து, ஒருநாள் கைபட்டதும் ஒடிந்துவிடுகிறது. எவர்சில்வரும் காற்றுப்படாத ஈர இடுக்குகளில் குழிகுழியாக அரிபடும். செம்பு 85 பங்கும், வெள்ளீயம், காரீயம், துத்தநாகம் தலைக்கு 5 பங்கும் சேர்ந்த வெண்கலமோ, கண்ணாடி நார் கலந்த உறுதியான நைலானோ ஏற்றது.

வால்விலும் விவேகம் வேண்டும். வீட்டுக் குழாய்க்கான வால்வின் மரை கூம்பு வடிவினது. படகுக் குழாயின் மரையோ நேரானது. இரண்டையும் இணைத்தால் இரண்டு மூன்று சுற்றுக்குமேல் பிடிப்பு இராது. பொருத்தப்பட்ட நிலையில் வால்வு 227 கிலோ பாரத்தை 30 விநாடி தாங்கவேண்டும் என்பது அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏ.பி.ஒய்.சி. வகுத்த விதி.

படகின் உடல் இரண்டு கண்ணாடி நார்த் தகடுகளுக்கிடையே பால்சா மரம் வைத்துக் கட்டியதானால், துவாரத்தைச் சுற்றியுள்ள மரத்தைக் குடைந்தெடுத்து அவ்விடத்தை எபாக்ஸியால் நிரப்பிவிடவேண்டும். இல்லையேல் கசியும் ஒவ்வொரு துளியும் உள்மரத்தை இற்றுப்போகச் செய்யும். உட்புறம் தாங்குபலகை வைத்து, பரப்பைச் சுத்தமாக உலர்த்தி, பாலியூரித்தேன் அல்லது பாலிசல்பைடு பசையைத் தாராளமாகப் பூசி முடுக்குகையில், விளிம்பு முழுவதும் பசை பிதுங்கினால்தான் இடைவெளி இல்லையென்று நிச்சயம். சிலிகான் பசை நீர்மட்டத்துக்குக் கீழே உதவாது.

ஒவ்வொரு வால்வின் அருகிலும், அத்துவாரத்துக்குப் பொருந்தும் மரக்கட்டை அடைப்பான் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். பழைய படகை வாங்கியவர்கள், அதைக் கரையேற்றும்போதெல்லாம் அடிக்குழாய்களைச் சுரண்டிப் பாருங்கள். பித்தளையில் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரிந்தால், அதை மாற்றாமல் படகை மறுபடி நீரில் இறக்கவேண்டாம்.