செப்புத்தகட்டில் கடல் - 9: புயல் யாருக்கு, வெயில் யாருக்கு?

கோலாலம்பூர் 1857இல்தான் ஊராகத் தலையெடுத்தது. அதற்கு முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய மலாயாக் கடற்கரை எப்படி இருந்தது என்று செராஸிலோ கிள்ளானிலோ இருக்கும் ஒரு வாசகர் கேட்டால், அவர் கையில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் பினாங்குப் படம்தான். வங்காளப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ராபர்ட் ஸ்மித் வரைந்து, லண்டனில் வில்லியம் டேனியல் அக்வாடின்ட் முறையில் செப்புத்தகட்டில் ஏற்றி, 1821இல் வெளியான பத்துக் காட்சிகள் அவை. வெளிறிய நீல வானம், அலையடங்கிய கடல், பச்சைக் குன்றுகள். அன்றைய பினாங்கு இப்படித்தான் இருந்தது என்று நாமும் எளிதாக நம்பிவிடுகிறோம். இந்த அமைதியில் ஒரு பங்கு கடலுடையது. பெரும்பங்கு அச்சுமுறையுடையது என்பதே இந்த வாரத்தின் வாதம்.

சென்ற வாரம் பார்த்த மெசொடின்டை அக்வாடின்டின் பக்கத்தில் வைத்தால் விஷயம் புரியும். மெசொடின்டில் முதல் வேலை தகட்டைக் கெடுப்பது. நுண்பற்கள் கொண்ட வளைந்த விளிம்புடைய ராக்கர் என்ற கருவியைச் செப்புத்தகட்டின் மீது எல்லாத் திசையிலும் ஆட்டி ஆட்டி, மேற்பரப்பு முழுவதையும் சொரசொரப்பாக்குகிறார்கள். அந்த நிலையில் மை பூசி அச்சிட்டால் தாள் முழுக்க வெல்வெட் போன்ற கருப்பு. பிறகு சுரண்டியும் தேய்த்தும் மழமழப்பாக்கிய இடங்களில் மட்டும் வெளிச்சம் பிறக்கும். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் இந்த முறைக்குப் புயலும் இரவும் கப்பல் சேதமும் தானாகவே பொருந்தின. ஓவியர் ஜே.எம்.டபிள்யூ. டர்னரின் கப்பல் சேத ஓவியத்தைச் சார்ல்ஸ் டர்னர் 1807இல் மெசொடின்டாக வெளியிட்டார். அதே ஓவியரின் இங்கிலாந்துத் துறைமுகக் காட்சிகளைத் தாமஸ் லப்டன் 1826 முதல் 1828 வரை அதே முறையில் கொண்டுவந்தார். அக்வாடின்டின் போக்கு நேர் எதிர். பிசின் தூளைத் தகட்டில் தூவிச் சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் இடுவார்கள். அமிலம் தூளுக்கு இடையே அரிக்கும். வெளிறியிருக்க வேண்டிய இடத்தை வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மற்றதை மேலும் மேலும் அரிக்கவிடுவார்கள். வெள்ளையில் தொடங்கிப் படிப்படியாக இருளுக்குப் போகும் இதற்கு, நீர்வண்ணத்தில் மெல்லப் பரவும் பகல் வெளிச்சம் கைவந்த கலை.

இனி டேனியலின் மேசைக்கு வருவோம். பினாங்குத் தகடுகளைச் செய்த காலத்தில் அவர் கையில் இன்னொரு பெரிய வேலையும் இருந்தது. 1814 முதல் 1825 வரை பிரிட்டன் கரையைச் சுற்றி வரைந்து, 308 அக்வாடின்ட் படங்களாக வெளியிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கரைகளுக்கு இட்ட தெளிந்த வானமும் மெல்லிய தொடுவானமும் அவர் கைப்பழக்கம். ஸ்மித்தின் பினாங்கும் அதே கை வழியாகத்தான் வாங்குவோரிடம் போனது. ஆகவே இந்தப் படங்களில் ஒரு கடலை மட்டுமல்ல, ஒரு பட்டறையின் வழக்கத்தையும் பார்க்கிறோம்.

மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, மலாக்கா நீரிணை உண்மையிலேயே அமைதியானதுதானே என்பது. வங்கக் கடலோடு ஒப்பிட்டால் அமைதிதான். ஆனால் தென்மேற்குப் பருவ மாதங்களில் விடியலுக்கு முன் சுமத்ராவிலிருந்து பாய்ந்து வரும் சூறைக்காற்றுக்கு மாலுமிகள் ‘சுமத்ரா’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பேர் வைக்கும் அளவுக்குப் பழகிய காற்றுக்கு, நம் சுவர்களுக்கு வரும் பினாங்குப் படங்களில் இடமில்லை. இரண்டாவது, டேனியல் கீழ்த்திசைக் கடலை அறியாதவரல்லவே என்பது. சரிதான், 1785இல் தம் சிற்றப்பா தாமஸ் டேனியலோடு சீனா வழியாகக் கல்கத்தாவுக்குக் கப்பலேறியவர் அவர். ஆனால் பினாங்குத் தகடுகளுக்கும் அந்தப் பயணத்துக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. மூன்றாவது மறுப்பு வலுவானது. இதே டேனியல்கள் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையை அக்வாடின்டில் காட்டியபோது, கரையில் மோதும் அலையையும் அதில் தத்தளிக்கும் மசூலாப் படகையும் காட்டவில்லையா? காட்டினார்கள். ஆனால் பகலில் உடையும் நுரை வெள்ளையானது. தகட்டில் வார்னிஷால் மூடிய இடம் விட்டுவைக்கும் தாளின் வெண்மையே நுரையாகிவிடுகிறது. கறுத்த வானத்தின் கீழ் எழும் கடல்தான் இந்த முறைக்குக் கடினம். விதிவிலக்கு போலத் தெரிவது விதியையே உறுதிப்படுத்துகிறது.

அப்படியானால் இப்படங்களைச் சான்றாகக் கொள்ளவே கூடாதா? கொள்ளலாம், பிரித்துக் கொள்ள வேண்டும். குன்றின் வளைவு, வீடு நின்ற மேடு, கரை வளையும் கோணம் ஆகியவற்றில் பொறியாளரான ஸ்மித்தின் கண்ணை ஓரளவு நம்பலாம். முழுதாக நம்புவதற்கும் ஒரு தடை உண்டு. இதே ஸ்மித் 1828இல் டெல்லி குதுப் மினாரைப் பழுதுபார்த்தபோது, அதன் உச்சியில் தம் ரசனைக்கேற்ப ஒரு மண்டபத்தை ஏற்றிவைத்தார். பொருந்தவில்லை என்று 1848இல் ஹார்டிஞ்ச் பிரபு அதை இறக்கச் சொன்னார்; இன்றும் அது கீழே புல்வெளியில் நிற்கிறது. அழகுக்காகச் சேர்க்கும் பழக்கம் பொறியாளருக்கும் இருந்தது. வானத்தையும் நீரையும் பொறுத்தவரை, டேனியலின் பட்டறைக் கணக்கில் எழுதுவதே நியாயம்.

இந்தப் பிரிப்பு தமிழருக்கு இன்னும் அவசியம். பினாங்குக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1794இல் எழுதிய கடிதம், சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் பினாங்குக்கு வந்து, உழைத்துச் சம்பாதித்துத் திரும்புவதாகச் சொல்கிறது. சூலியாக்கள் எனப்பட்ட அவர்கள் பாய்மரக் கப்பலில் தாண்டி வந்த வங்கக் கடல் இந்தப் படங்களின் கடலைப் போன்றதல்ல. முன்னோர் வந்திறங்கிய கரை என்று சொல்லி இந்தப் படத்தை மாட்டுவதில் தவறில்லை. அவர்கள் கடந்த கடலும் இதுதான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் தவறு. கரைக்குப் படம் சாட்சி சொல்லட்டும். கடலுக்கும் கடந்தவர்களுக்கும் கடிதங்களையும் கப்பல் பதிவுகளையும் கேட்க வேண்டும். அந்தப் பதிவுகள் எதைச் சொல்கின்றன, எதை மறைக்கின்றன என்பது அடுத்த வாரம்.