மெருகின் அறிவியல்

மனித உடலில் மேடுபள்ளங்களை நுட்பமாக அறியும் உறுப்புகளுள் நாவும் ஒன்று. பல்லிடுக்கில் சிக்கிய நார், பல்லின் ஓரத்தில் உடைந்த சிறு துணுக்கு, புதிதாக அடைக்கப்பட்ட குழியின் சொரசொரப்பு ஆகிய எதுவாயினும் நா அதனை உடனே கண்டுகொள்கிறது. மீண்டும் மீண்டும் அவ்விடத்தையே தேடிச் சென்று தடவிப் பார்க்கிறது. அடைப்புப் பொருள்களின் சொரசொரப்பில் ஏறத்தாழ 0.3 மைக்ரோமீட்டர் அளவிலான வேறுபாட்டையும் நா உணரவல்லது என ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறுகளாக்கினால் கிடைக்கும் ஒரு கூறே ஒரு மைக்ரோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமனோ ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர்.

சொத்தைப் பல்லைத் தூய்மை செய்து அடைத்த மருத்துவர், இறுதியில் சில நிமிடங்கள் அவ்வடைப்பைத் தேய்த்து மெருகேற்றுவார். அழகுக்காகச் செய்யப்படும் ஒப்பனைபோல் அது தோன்றும். ஆயினும், அடைப்பின் ஆயுளும் அதனைத் தாங்கும் பல்லின் நலமும் அந்தச் சில நிமிடங்களோடு தொடர்புடையவை.

சொரசொரப்பும் நுண்ணுயிரியும்

வாயினுள் பலநூறு வகை நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. அவற்றுள் பற்சொத்தையோடு நெருங்கிய தொடர்புடையது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் பாக்டீரியா. இதனை 1924ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கிளார்க் என்னும் அறிஞர் கண்டறிந்து பெயரிட்டார். உணவிலுள்ள சர்க்கரையை இது அமிலமாக மாற்றுகிறது. உடலின் மிகக் கடினமான பகுதியாகிய பற்சிப்பியையும் அவ்வமிலம் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகிறது.

இந்தப் பாக்டீரியாவின் விட்டம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. கண்ணுக்குப் புலப்படாத கீறல்கூட இதற்குப் பதுங்குகுழி ஆகிவிடும். வழவழப்பான பரப்பில் ஒட்டும் நுண்ணுயிரிகளை உமிழ்நீரின் ஓட்டமும் நாவின் அசைவும் பல் துலக்கியும் எளிதில் அகற்றிவிடும். பள்ளத்துள் ஒதுங்கியவற்றை அவை நெருங்க இயலாது. அங்கே தங்கிய நுண்ணுயிரிகள் பெருகி, ஒன்றோடொன்று பிணைந்து, உயிர்ப்படலமாகப் படர்கின்றன. பல் துலக்கியதும் மறையும் மெல்லிய படலம், சொரசொரப்பான அடைப்பின்மீது மட்டும் விரைவில் மீண்டும் தடித்துவிடுவது இதனாலேயே.

எந்த அளவு வழவழப்பு போதுமானது என்னும் வினாவுக்கு 1997ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு விடை கூறியது. போலன், லாம்பிரெக்ட்ஸ், குயிரினென் ஆகியோர் எழுதிய அக்கட்டுரை, சராசரிச் சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டர் என்பதை எல்லையாகக் காட்டியது. அதற்கு மேற்படின் நுண்ணுயிர்ப் படலம் மிகுதியாகத் தேங்கும். அதற்குக் கீழே எவ்வளவு வழவழப்பாக்கினாலும் படலம் குறிப்பிடத்தக்க அளவில் குறைவதில்லை. மெருகுக்கும் ஒரு போதுமான அளவு உண்டு என்பதை இக்கருத்து உணர்த்துகிறது.

சொரசொரப்பை அளத்தல்

சராசரிச் சொரசொரப்பை அளக்கப் பரப்பளவி என்னும் கருவி பயன்படுகிறது. மிக நுண்ணிய வைரமுனை ஒன்று பரப்பின்மீது மெல்ல இழுக்கப்படும். முனை ஏறி இறங்கும் ஏற்றத்தாழ்வுகளைக் கருவி பதிவு செய்யும். அவற்றின் நடுவே ஒரு சமனிலைக் கோடு வரைந்து, அக்கோட்டிலிருந்து மேடுகளும் பள்ளங்களும் விலகியிருக்கும் தொலைவின் சராசரி கணக்கிடப்படும். மேடு, பள்ளம் என்னும் வேறுபாடு பாராமல் விலகலை மட்டுமே கணக்கிற்கொள்வது இம்முறை.

இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. கூரிய பிளவுகள் நிறைந்த பரப்பும், உருண்ட மேடுகள் கொண்ட பரப்பும் ஒரே சராசரியைத் தரக்கூடும். ஆனால், நுண்ணுயிரிக்குப் புகலிடம் தருவதில் இரண்டும் ஒன்றல்ல. ஆகவே, ஆய்வாளர்கள் எண்ணை மட்டும் நம்பாது, மின்னணு நுண்ணோக்கியின் வழியாகப் பரப்பின் உருவத்தையும் காண்கின்றனர். பளபளப்பை அளக்கப் பரப்பின்மீது 60 பாகைக் கோணத்தில் ஒளியைச் செலுத்தி, தெறித்து மீளும் ஒளியின் அளவைக் கணக்கிடுவதும் உண்டு.

பொருளுக்கேற்ற மெருகு

அடைப்புப் பொருள்கள் யாவும் ஒரே முறையில் மெருகேறுவதில்லை. வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் பொடியைப் பாதரசத்தோடு குழைத்துச் செய்யும் இரசக்கலவை, இறுகி முழு வலிமை பெறக் காலம் வேண்டும். எனவே, அதனை மெருகேற்றுவதற்கு 24 மணி நேரமாவது காத்திருப்பது மரபு.

இன்று பல்லின் நிறத்திலேயே அடைக்கப் பயன்படுவது கலவைப் பிசின். இதன் அடிப்படையான பிசினை உருவாக்கிய அமெரிக்க அறிவியலறிஞர் ரஃபேல் போவன், 1962ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். மென்மையான பிசினுள் கடினமான கண்ணாடித் துகள்களும் சிலிக்காத் துகள்களும் பொதிந்திருப்பதே இதன் அமைப்பு. மொசைக் தளத்தின் சிமெண்டுக்குள் கற்சில்லுகள் பதிந்திருப்பதோடு இதனை ஒப்பிடலாம். தேய்க்கும்போது மென்மையான பிசின் விரைந்து தேயும். கடினமான துகள்கள் தேயாமல் துருத்தி நிற்கும் அல்லது பெயர்ந்து விழுந்து குழியை விட்டுச்செல்லும். ஆகவே, துகள் பெரிதாக இருப்பின் மெருகு நிலைக்காது.

தொடக்கக் காலக் கலவைகளில் துகள்கள் பல மைக்ரோமீட்டர் அளவுடையனவாக இருந்தன. எவ்வளவு தேய்த்தாலும் அவை மங்கலாகவே காட்சியளித்தன. பின்னர்த் துகள்கள் ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே சிறுத்தன. இன்றைய நானோ கலவைகளில் அவை சில பத்து நானோமீட்டர் அளவுக்குக் குறுகியுள்ளன. இத்தகைய நுண்துகள் பெயர்ந்தாலும் அது விட்டுச்செல்லும் குழி மிகச் சிறியதாதலால் பரப்பின் பளபளப்பு நெடுநாள் நீடிக்கிறது.

இலண்டனில் ஆலன் வில்சன், பிரையன் கென்ட் ஆகியோர் உருவாக்கிய கண்ணாடி அயனோமர் மற்றொரு வகை. கண்ணாடிப் பொடியும் அமிலக் கரைசலும் வினைபுரிந்து இறுகும் இப்பொருள், தொடக்கத்தில் ஈரத்தால் பாதிப்படையும், உலர்ந்தாலோ வெடிப்புறும். எனவே, இதன்மேல் காப்புப்பூச்சு இடப்பட்டு, மெருகேற்றல் மறுநாளைக்கு ஒத்திவைக்கப்படுவது வழக்கம். முழுமையாக மெருகேற்றினாலும், நுண்துகள் கலவைப் பிசினின் வழவழப்பை இது பெரும்பாலும் எட்டுவதில்லை.

படிப்படியான பணி

தச்சர் மரத்தை முதலில் இழைப்புளியால் இழைத்து, பின்னர்ப் பருமனான உப்புத்தாளாலும் இறுதியில் நுண்ணிய தாளாலும் தேய்ப்பார். பல் அடைப்பும் இவ்வாறே மெருகேறுகிறது. முதலில் மிகையான பொருளை நீக்கிப் பல்லின் வடிவம் திருத்தப்படும். அடுத்து, அலுமினியம் ஆக்சைடு பூசிய சிறு வட்டுகளோ வைரத்தூள் பதித்த இரப்பர் முனைகளோ பருமன், நடுத்தரம், நுண்மை, மிகுநுண்மை என்னும் வரிசையில் பயன்படுத்தப்படும். நிறைவாக, வைரத்தூள் கலந்த பசையால் துலக்கப்படும்.

ஒவ்வொரு படியும் தனக்கு முந்தைய படி விட்டுச்சென்ற கீறல்களை அழித்து, அவற்றைவிட நுண்ணிய கீறல்களை விட்டுச்செல்கிறது. அக்கீறல்கள் ஒளியின் அலைநீளத்தினும் மிகச் சிறியவையானதும் ஒளி சிதறாமல் ஒரே திசையில் தெறிக்கிறது, பரப்பு பளபளக்கிறது. இடையில் ஒரு படியைத் தாண்டிச் சென்றால், நுண்வட்டால் ஆழமான கீறலைப் போக்க இயலாது. மேடுகளின் உச்சி மட்டும் பளபளக்க, பள்ளங்கள் அடியில் அப்படியே தங்கிவிடும். அத்தகைய பொய்யான பளபளப்பு கண்ணை ஏமாற்றும்; நுண்ணுயிரியை ஏமாற்றாது.

கலவைப் பிசினை நெகிழித்தாளால் அழுத்தி இறுகச் செய்தால், தேய்க்காமலேயே கண்ணாடிபோன்ற பரப்பு கிடைக்கும். அவ்வாறாயின் தேய்ப்பது எதற்கு என்னும் ஐயம் எழலாம். அந்த மேற்பரப்பில் துகள்கள் குறைந்தும் பிசின் மிகுந்தும் இருக்கும். அது மென்மையானதாதலால் மெல்லும்போது விரைவில் தேய்ந்து சொரசொரப்பாகிவிடும். தேநீர், காப்பி, மஞ்சள் ஆகியவற்றின் கறையும் எளிதில் படியும். எனவே, கடித்துப் பார்த்து உயரத்தைச் சரிசெய்து, அம்மென்படலத்தை அகற்றி, உறுதியான உட்பரப்பை வெளிக்கொணர்ந்து மெருகேற்றுவதே முறை.

அளவறிந்து தேய்த்தல்

தேய்ப்பு உராய்வை உண்டாக்கும். உராய்வு வெப்பத்தை உண்டாக்கும். பல்லின் உள்ளே நரம்புகளும் குருதிக்குழாய்களும் கொண்ட பற்கூழ் இருக்கிறது. குரங்குகளிடம் சாக், கோஹன் ஆகியோர் நிகழ்த்தி 1965ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பற்கூழின் வெப்பநிலை ஏறத்தாழ 5.5 செல்சியஸ் பாகை உயர்ந்தபோது 15 விழுக்காட்டுப் பற்களில் பற்கூழ் மீளமுடியாத பாதிப்படைந்தது. ஆகவே, மெல்லிய அழுத்தமும் இடைவிட்ட தேய்ப்பும் தேவையான இடங்களில் நீர்த்தெளிப்பும் இன்றியமையாதன. நீரும் உறிஞ்சுகருவியும் நுண்தூசி மூச்சோடு உட்செல்வதையும் குறைக்கின்றன. கைதவறி அடைப்பைக் கடந்து தேய்த்தால், நலமான பற்சிப்பியும் தேயும். தேய்ந்த பற்சிப்பி மீண்டும் வளர்வதில்லை.

எஞ்சியிருக்கும் பல்

மெருகு மட்டுமே ஓர் அடைப்பைக் காத்துவிடாது. அடைப்புக்கும் பல்லுக்கும் இடையே இடைவெளி இருந்தாலோ, நாள்தோறும் இனிப்பு மிகுந்தாலோ, எத்தகைய வழவழப்பும் பயன்தராது. மெருகும் நிலையானதன்று, மெல்லுதலாலும் துலக்குதலாலும் அமிலப் பானங்களாலும் காலப்போக்கில் அது மங்கும். எனவே, பழைய அடைப்பைச் சோதித்து மீண்டும் மெருகேற்றுவதும் மருத்துவத்தின் ஒரு பகுதியாகிறது. மெருகேற்றிச் சீர்செய்யக்கூடிய பல அடைப்புகளைப் பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை.

இதன் அருமை கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும். அடைப்பைப் பெயர்த்து மாற்றும் ஒவ்வொரு முறையும் குழி சிறிது பெரிதாகிறது. இயற்கையான பல் சிறிது குறைகிறது. சிறு அடைப்பு பேரடைப்பாகி, பேரடைப்பு வேர்ச்சிகிச்சையாகி, இறுதியில் பல்லே அகற்றப்படும் நிலை வரலாம். சில நிமிட மெருகு அந்த நெடும்பயணத்தைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடக்கூடும். கண்ணுக்குப் புலப்படாத கீறலைப் பொறுமையோடு போக்கும் கை, இயற்கை தந்த பல்லையே காக்கிறது.