மலைக்கு வழி காட்டுவோர்

இலையுதிர்காலம் பிறந்ததும் மேனாட்டார் முதுகிலே மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைகளை நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றனர். அங்கே அது வானம் தெளிந்து, காற்றுக் குளிர்ந்து, மரங்கள் செம்பொன்னாய் ஒளிரும் பருவம். நமக்கோ ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப் பருவம். சப்ரகமுவத் தோட்டங்களில் இலையை ஒருங்கே உதிர்க்கும் மரம் ரப்பர் மரம். அதுவும் தை, மாசியிலேதான் உதிர்க்கின்றது. ஐப்பசியில் இரத்தினபுரி, கேகாலை மலைகளில் உதிர்வது இலையன்று; மழை!

அவ்வாறாயின் அம்மாதங்களில் நாம் மலையேறலாகாதா? ஏறலாம். ஆனால் மலையை அறிந்த ஒருவரை முன்னே செல்லவிட்டு, அவர் சொற்படி பின்னே செல்லவேண்டும். இஃது இன்று தோன்றிய புத்திமதி அன்று. ஏறக்குறைய 680 ஆண்டுகளுக்கு முன்னரே, உலகம் சுற்றிய ஒருவர் இம்முறையிலேதான் நமது சிவனொளிபாதமலையை ஏறி மீண்டார்.

தமிழ் மன்னன் அனுப்பிய துணை

மொறோக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரிலே 1304ஆம் ஆண்டு பிறந்தவர் இப்னு பதூதா. 1344ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் மாலைத்தீவிலிருந்து கப்பலேறிய அவர் ஒன்பது நாள் கடலில் அலைந்து இலங்கைக் கரையை அடைந்தார். அப்போது புத்தளத்திலே தங்கியிருந்தவன் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. மன்னன் பாரசீக மொழி அறிந்தவன். விருந்தினரை அன்போடு உபசரித்தான். முத்துக்களைப் பரிசளித்த அம்மன்னனிடம் இப்னு பதூதா வேண்டிய வரம் ஒன்றே: பாதமலையைத் தரிசிக்க வேண்டும்.

மன்னன் அவரைத் தனியே அனுப்பினானா? இல்லை. ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செல்லும் வழக்கமுடைய யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், அரசனின் பரிவாரத்தார் பதின்மர், உணவுப் பொருள் சுமப்போர் பதினைவர் ஆக முப்பத்திரண்டு பேரையும், பல்லக்கையும் அதனைச் சுமப்போரையும் உடன் அனுப்பினான். முதலிடத்தில் நின்றவர்கள் வழி அறிந்த யோகிகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்னு பதூதா எழுதுவித்த பயண நூலில் மலையின் இரு வழிகள் கூறப்படுகின்றன. ஒன்று 'மாமா' வழி, எளியது. மற்றொன்று 'பாபா' வழி, கடினமானது. எளிய வழியால் ஏறியவர் யாத்திரை செய்தவராகவே மதிக்கப்படவில்லையாம்! செங்குத்தான பாறைகளில் பத்துச் சங்கிலிகள் தொங்கின. பத்தாவது சங்கிலியைப் பற்றிக் கீழே நோக்கியோர் விழுந்துவிடுவோமோ என்றஞ்சி இறைவனைத் துதித்தனர். உச்சியில் நின்றபோது மேகங்கள் காலுக்குக் கீழே கிடந்து மலையடியை மறைத்தன. காட்டு அட்டையையும் அவர் மறக்கவில்லை. பாய்ந்து பற்றும் அட்டையின் மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து விழச்செய்யும் உபாயத்தை அவர் இங்கேதான் கண்டார். இன்றும் மலைநாட்டில் தேசிக்காய், உப்பு, சவர்க்காரம் மூன்றும் அட்டைக்குப் பகையே.

மழை மாதத்தின் குணம்

சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர்; அதாவது 7,359 அடி. சைவர் சிவன் திருவடி என்றும், பௌத்தர் புத்தர் பாதம் என்றும், இஸ்லாமியர் ஆதாமின் பாதம் என்றும் போற்றும் இம்மலைக்கு யாத்திரைக் காலம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியில் முடிகின்றது. அக்காலத்தில் விளக்குகள் எரியும். தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். முன்னும் பின்னும் ஆயிரம் பேர் நடப்பர். ஐப்பசியிலோ விளக்கில்லை, கடையில்லை, கூப்பிட்ட குரலுக்கு ஆளில்லை.

ஹட்டன் பக்கத்து நல்லதண்ணி வழி குறுகியது. சப்ரகமுவப் பக்கத்திலிருந்து ஏறும் இரு வழிகளும் நீண்டவை. அடர்ந்த காட்டினூடே செல்பவை. இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல ஊடாக ஒன்று. குருவிட்டவிலிருந்து எரத்ன ஊடாக மற்றொன்று. இரண்டும் ஹெரமிட்டிப்பானவில் ஒன்று சேர்கின்றன. பலாபத்தல வழியிலுள்ள நீலிஹெல என்னும் செங்குத்துப் பாறையில், 'நீலி' என்று கூவி எதிரொலி கேட்பது யாத்திரிகர் வழக்கம். 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்ட காடு இது.

ஐப்பசி, கார்த்திகையில் காலை வெளுத்திருக்கும். பிற்பகலில் இடியும் மின்னலும் எழும். ஆகவே, நண்பகலுக்குள் உயரத்தை விட்டு இறங்கிவிடுவதே அறிந்தவர் முறை. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை செல்சியஸ் குறைகின்றது. இரத்தினபுரியில் வியர்த்துக் கொட்டியவர், உச்சியில் பதின்மூன்று பாகை குறைந்த காற்றில் நனைந்த சட்டையோடு நிற்பார். வெப்ப நாட்டிலும் குளிர் உயிரைக் குடிக்கும் என்பதைப் பலர் அறியார்.

ஓடைகள் இன்னும் வஞ்சகமானவை. நாம் நிற்குமிடத்தில் வெயில் அடிக்கும். மேலே எங்கோ மழை பெய்யும். தெளிந்த நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் வெள்ளம் வருகிறது என்று பொருள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனக் கலங்கிய அல்லது வற்றிய ஊற்று ஆகியவை மண்சரிவின் முன்னறிகுறிகள். 2016ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போனதை நாடு மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பாராமல் மழை மாதத்தில் எம்மலைக்கும் புறப்படலாகாது.

சுமந்தவர் பெயர் எங்கே?

இவ்வறிகுறிகளை யார் அறிவர்? நாள்தோறும் அதே சரிவில் கொழுந்து பறிப்பவரும், விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவரும் அறிவர். எந்தக் குறுக்குப் பாதை எந்த மழைக்கு வழுக்கும் என்பது லயத்துச் சிறுவனுக்கும் தெரியும். ஆயினும் இவ்வறிவுக்கு விலை உண்டென்று நாம் எண்ணுவதில்லை. இப்னு பதூதா கண்ட சங்கிலிகளுக்குக்கூடக் கணக்கும் பெயரும் இருக்கின்றன. அவருக்கு உணவு சுமந்த பதினைவரின் பெயர் ஒன்றேனும் அந்நூலில் இல்லை.

இமயத்தைப் பாருங்கள். 1935ஆம் ஆண்டு சுமை தூக்கும் தொழிலாளியாக எவரெஸ்டுக்குச் சென்ற டென்சிங், 1953ஆம் ஆண்டு மே 29ஆம் திகதி ஹிலாரியோடு அதன் சிகரத்தில் நின்றார். தென்னமெரிக்காவின் பெரு நாடோ 2001ஆம் ஆண்டு சுமைகாரருக்கெனச் சட்டம் இயற்றி, ஓர் ஆண் 20 கிலோவுக்கு மேல் சுமக்கலாகாது என விதித்தது. நமது நாட்டிலும் கண்டியிலிருந்து நுவரெலியா வரை பழைய தேயிலைத் தோட்டப் பாதைகளை இணைத்து, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் 'பீக்கோ' நடைபாதை 22 பகுதிகளாக அமைந்துள்ளது. தோட்டப் பாதையில் நடக்க உலகம் வருகின்றது. அப்பாதையில் பிறந்தவர் முன்னே நடக்க வேண்டாமா?

சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகின்றது. நாடு முழுவதற்கும் ஒருவகை, ஒரு பிரதேசத்துக்கு ஒருவகை எனப் பிரிவுகள் உண்டு. பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் சுற்றுலா முகாமைத்துவம் பட்டப்படிப்பாகவே உள்ளது. தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் கற்ற தோட்டத்து மாணவர்க்கு, தந்தையும் தாயும் ஈட்டிய மலையறிவு ஒரு மூலதனம் அன்றோ!

திரும்பச் சொல்லும் உரிமை

மாணவ நண்பர்களுக்கும் பெற்றோர்க்கும் சில சொற்கள். முதற் பயணத்துக்குப் பெருமலை வேண்டாம். மாவனல்லைப் பக்கத்து ஊத்துவன்கந்த போன்ற குன்று போதும். மாற்றுடை ஒன்றை நீர் புகாத பையில் வையுங்கள். மின்சூள், தீப்பெட்டி, உலர்ந்த உணவு, உப்பு மறவாதீர்கள். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது மீள்வீர்கள் என்பதை வீட்டாரிடமும் மலையடியில் உள்ள ஒருவரிடமும் சொல்லிச் செல்லுங்கள்.

யாவற்றினும் மேலானது ஒன்று உண்டு. வழிகாட்டியின் கூலியைப் புறப்படுமுன்னே பேசி முடியுங்கள். பாதி வழியில் திரும்ப நேர்ந்தாலும் முழுக் கூலியும் தரப்படும் என்று உறுதி கூறுங்கள். உச்சியை அடைந்தால்தான் பணம் என்றால், கருமேகத்தைக் கண்டும் அவர் வாய் திறக்கத் தயங்குவார். "இன்று போதும், திரும்புவோம்" என்ற சொல்லே வழிகாட்டி தரக்கூடிய சிறந்த பணி. அச்சொல்லுக்குத்தான் நாம் கூலி கொடுக்கின்றோம். அவர் அதைச் சொன்னால் முகம் சுளியாது இறங்குங்கள். இறங்கியபின் அவர் பெயரைக் கேட்டு உங்கள் பயணக் குறிப்பில் எழுதுங்கள். மலை அங்கேயே இருக்கும். மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து வானம் வெளுக்கும்போது அவரோடு மீண்டும் ஏறலாம்.