இருநூறு மீட்டரும் ஒரு வாஷரும்

நெடுங்காடு கடற்கரை ஊரன்று. காரைக்கால் மாவட்டத்தின் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளுள் ஒன்றான அது, பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற அந்த நிர்வாகச் சொல்லை இன்றும் பெயரோடு சுமந்துகொண்டிருக்கும் காவிரிக் கடைமடைப் பகுதி. அதைச் சுற்றியிருப்பவை வயலும் வாய்க்காலுமே, கடல் அதற்குக் கிழக்கே சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது. அத்தகைய ஊரில், 200 மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று முகப்பிலேயே எழுதப்பட்ட நீர்மூழ்கிக் கைக்கடிகாரம் ஒன்றை மதிப்பிடுவது வேடிக்கையாகத் தோன்றக்கூடும். ஆனால் கடிகாரத்தைக் கெடுப்பது ஆழம் மட்டுமன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை நின்று பெய்யும்போது காற்றிலேயே ஊறியிருக்கும் ஈரம், கோடையில் மணிக்கட்டில் வழியும் வியர்வை, கடற்காற்று கொண்டுவந்து படியவைக்கும் உப்பு, நடவு வயலின் சேறு ஆகிய நான்கும் ஆண்டு முழுவதும் நடத்தும் முற்றுகையைத் தாங்குகிறதா என்பதே கடைமடையில் ஒரு கடிகாரத்துக்குரிய உண்மையான தேர்வு. அந்தத் தேர்வில், முகப்பில் அச்சிட்ட எண்ணைவிட, மூடிக்கு அடியில் கிடக்கும் வாஷர் என்னும் மெல்லிய ரப்பர் வளையம் பெரிய பங்கு வகிக்கிறது.

நீர்மூழ்கிக் கடிகாரம் என்னும் வகை 1953ஆம் ஆண்டில் உருப்பெற்றது. அவ்வாண்டில் சுவிட்சர்லாந்தின் பிளாங்பான் நிறுவனம் வெளியிட்ட கடிகாரத்தின் பெயரைத் தமிழாக்கினால் ‘ஐம்பது பாகம்’ என்று வரும். சோழமண்டலக் கரையின் மீனவர்கள் ஆழத்தை அளக்கப் பயன்படுத்தும் பாகம் என்பது விரித்த இரு கைகளின் நீளம்; ஆங்கிலேயரின் கடல் அளவும் அதுவே, ஏறக்குறைய 1.83 மீட்டர். ஆகவே ஐம்பது பாகம் என்பது சுமார் 91 மீட்டர் ஆழம். இன்றைய கடிகாரங்களில் வழக்கமாகக் காணும் 200 மீட்டர் என்பது 109 பாகத்தைத் தாண்டும். பொழுதுபோக்காகக் காற்றுக் கலனுடன் மூழ்குவோருக்குப் பயிற்சி நிறுவனங்கள் வகுத்துள்ள எல்லையோ 40 மீட்டர், அதாவது 22 பாகத்துக்குள். மன்னார் வளைகுடாவில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒற்றை மூச்சில் இறங்கி ஏறிய முத்துக்குளிப்போருக்குக் கடிகாரமே தேவைப்பட்டதில்லை என்பதை இங்கே நினைவுகூரலாம். மூச்சே அவர்களுக்கு நேரம் சொன்னது. முதுகில் கலனைச் சுமந்து நீண்ட நேரம் நீருக்குள் இருக்க முடிந்த பிறகுதான், கலனில் எஞ்சிய காற்று எத்தனை நிமிடத்துக்கு வரும் என்று கணக்கிட வேண்டிய கட்டாயம் எழுந்தது.

‘ஆட்டோமேட்டிக்’ என்று கடைகளில் வழங்கும் தானியங்கிக் கடிகாரம் நீர்மூழ்கிக் கடிகாரத்தைவிட முந்தியது. சாவி கொடுக்கும் கடிகாரத்தில் சுருள்வில்லை விரலால் முறுக்க வேண்டும்; தானியங்கியில், உள்ளே தளர்வாகச் சுழலும் அரைவட்ட எடைத்தகடு ஒன்று, கை அசையும்போதெல்லாம் தானும் சுழன்று அந்த வில்லை முறுக்கிவிடுகிறது. ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர் 1920களில் கைக்கடிகாரத்துக்கு ஏற்ற வடிவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். விலையைக் கீழே கொண்டுவந்தவர்கள் ஜப்பானியர். சீக்கோ நிறுவனம் 1959இல் அறிமுகப்படுத்திய ‘மேஜிக் லீவர்’ என்னும் எளிய நெம்புகோல் அமைப்பு, எடைத்தகடு எந்தத் திசையில் சுழன்றாலும் வில் முறுக்கேறும்படி செய்தது; உறுப்புகள் குறைந்ததால் விலையும் குறைந்தது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் ஊர் திரும்பியவர்களின் மணிக்கட்டில் ‘சீக்கோ ஃபைவ்’ என்ற பெயர் தமிழ்நாட்டுக் கிராமங்கள் வரை வந்து சேர்ந்ததற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

முகப்பில் உள்ள எண்ணின் பொருளை இனி நோக்கலாம். நீரில் 10 மீட்டர் இறங்கும்தோறும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. எனவே 200 மீட்டர் என்பதும் 20 பார் என்பதும் ஒரே செய்தியின் இரு வடிவங்கள். நீந்தும்போது கையை வேகமாக வீசினால் அழுத்தம் பல மடங்காகிவிடும், அதனால் எழுதப்பட்ட ஆழத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நம்பக் கூடாது என்ற எச்சரிக்கை பரவலாக உலவுகிறது. இயற்பியல் இதற்கு இடம் தரவில்லை. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில், அதாவது பெரும்பாலான மனிதர்களால் நீருக்குள் எட்ட இயலாத வேகத்தில், கை நகர்ந்தாலும் கூடும் அழுத்தம் ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்குச் சமமானதுதான். அப்படியானால் 50 மீட்டர் என்று எழுதிய கடிகாரங்களில் நீர் புகுவது எதனால்? எண் பொய்யானதால் அன்று. அந்த எண் புதிய கடிகாரத்துக்கு, புதிய வாஷர் இருந்த நாளில் தரப்பட்டது என்பதால்தான். சோதனைச்சாலை வாஷருக்கு வயது கூடுவதில்லை. மணிக்கட்டில் இருக்கும் வாஷருக்குக் கூடுகிறது.

இங்கே ஒரு சொல்வேறுபாட்டை வாங்குபவர் கவனிக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 6425 என்பது நீர்மூழ்கிக் கடிகாரங்களுக்கான பன்னாட்டுத் தரம். அதன்படி ஆழ அளவு குறைந்தது 100 மீட்டர் இருக்க வேண்டும். குறித்த ஆழத்துக்குரிய அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலான அழுத்தத்தில் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். உப்புநீர், அதிர்ச்சி, காந்தப்புலம் ஆகியவற்றைத் தாங்க வேண்டும். முழு இருட்டில் 25 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து நேரம் தெரிய வேண்டும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். சாதாரண நீர்புகாக் கடிகாரங்களில் சில மாதிரிகளை எடுத்துச் சோதித்தால் போதும் என்றிருக்க, இத்தரத்தின்கீழ் ஒவ்வொரு கடிகாரமும் தனித்தனியே நீர்ச்சோதனைக்கு உட்படுகிறது. இவற்றில் தேறியவையே ‘டைவர்ஸ்’ என்ற சொல்லை முகப்பில் தாங்க உரிமை பெற்றவை. ‘வாட்டர் ரெசிஸ்ட் 200 மீட்டர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது வேறு வாக்குறுதி. தாழ்ந்தது என்று சொல்ல முடியாவிட்டாலும், சிறியது.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஏறத்தாழ இருபதாயிரத்துக்கும் முப்பத்தைந்தாயிரத்துக்கும் இடைப்பட்ட விலையை ‘கட்டுப்படியான விலை’ என்று கொள்வோர் முன் வந்து நிற்கும் பெயர்கள் சிலவே. இவ்வகையில் நெடுங்காலம் உரைகல்லாக இருந்தது 1996இல் வந்த சீக்கோ எஸ்.கே.எக்ஸ்.007. முகப்பில் ‘டைவர்ஸ்’ உண்டு, திருகி மூடும் சாவி உண்டு. ஆனால் அதன் 7எஸ்26 இயந்திரத்தைக் கையால் முறுக்கவும் முடியாது, நேரம் திருத்தும்போது நொடிமுள்ளை நிறுத்தவும் முடியாது. 2019 வாக்கில் அதன் உற்பத்தி நின்றது. அதன் சாயலில் அதே ஆண்டு வந்த புதிய சீக்கோ ஃபைவ் ஸ்போர்ட்ஸ் வரிசையில் இயந்திரம் மேம்பட்டது, கையால் முறுக்கலாம், நொடிமுள் நிற்கும். ஆனால் ஆழம் 100 மீட்டராகச் சுருங்கியது, சாவி திருகி மூடப்படுவதில்லை, ‘டைவர்ஸ்’ என்ற சொல்லும் மறைந்தது. உடை அப்படியே இருக்க, தொழில் மாறிவிட்டது. அதே 2019இல் வந்த ஓரியண்ட் கமாசு, ‘டைவர்ஸ்’ உரிமையைக் கோராவிட்டாலும், 200 மீட்டர் தாங்கும் கூடு, திருகி மூடும் சாவி, நீலமணிக் கண்ணாடி, கையாலும் முறுக்கத்தக்க இயந்திரம் ஆகிய நான்கையும் ஒரே விலைக்குள் அடக்கியது. சிட்டிசன் நிறுவனத்தின் புரோமாஸ்டர் என்.ஒய்.0040, ஐ.எஸ்.ஓ. தரத்தில் தேறிய உண்மையான நீர்மூழ்கிக் கடிகாரம். புறங்கையில் அழுத்தாதபடி அதன் சாவி இடப்பக்கம் 8 மணிக்கு அருகே இருப்பதைப் பழகாதவர்கள் முதலில் தவறு என்றே நினைப்பார்கள்.

இந்தியத் தயாரிப்பு எங்கே என்ற கேள்வி எழுவது இயல்பு. சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961இல் பெங்களூரில் கடிகாரத் தொழிலைத் தொடங்கிய எச்.எம்.டி., சாவி கொடுக்கும் ‘ஜனதா’ முதல் தானியங்கிகள் வரை தலைமுறைகளுக்கு நேரம் சொன்னது. அதன் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் சேர்ந்து 1984இல் நிறுவிய டைட்டன், ஓசூரில் எழுப்பிய ஆலையில் தொடக்கம் முதலே செல் கடிகாரத்தின்மீதே நம்பிக்கை வைத்தது. வணிகக் கணக்கில் அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. எனினும், உழைக்கும் நீர்மூழ்கித் தானியங்கி என்னும் ஒடுங்கிய துறையில் ஜப்பானியருக்கு ஈடாக நிற்கும் இந்தியப் பெயர் இன்னும் நிலைபெறவில்லை.

தானியங்கிக்கு எதிரான வாதம் வலுவானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. செல் கடிகாரம் மாதத்துக்குப் பதினைந்து, இருபது நொடிகள் மட்டுமே பிறழும்; விலையும் குறைவு. ஆயினும் கடைமடை ஊர்களில் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை செல் தீரும். சந்தைக்கடை ஓரத்தில் கண்ணாடிப் பெட்டியோடு அமர்ந்திருக்கும் வாட்ச் மெக்கானிக்கிடம் அது போகும். அவர் திறமையானவராகவே இருப்பார், ஆனால் மூடியைத் திறந்து செல் மாற்றி மூடும்போது பழைய வாஷரே மீண்டும் அமரும், அதற்குப் பூச வேண்டிய சிலிகான் பசை பூசப்படாது, சில சமயம் வாஷர் மடிந்தோ நசுங்கியோ உட்காரும். அடுத்த மழையில் கண்ணாடிக்குள் ஆவி படியும். தானியங்கிக்குச் செல் இல்லாததால் அதன் மூடி பல ஆண்டுகள் திறக்கப்படாமலே இருக்கிறது, ஆலையில் அமர்த்திய வாஷர் அமர்த்திய இடத்திலேயே இருக்கிறது. மூடி திறக்கப்படாமை என்ற இந்த ஒன்றே நெடுங்காடு போன்ற ஊரில் தானியங்கிக்குரிய உண்மையான ஆதாயம். மற்றவை அழகுணர்ச்சியைச் சார்ந்தவை. ஒளியால் மின்னேறும் சூரியசக்திக் கடிகாரம் இந்த ஆதாயத்தையும் துல்லியத்தையும் சேர்த்தே தருகிறது என்பதால், பயனை மட்டும் கருதுபவர் அதை வாங்குவதே முறை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சாவியும் கவனத்துக்குரியது. திருகி மூடும் சாவியை வெளியிழுத்து நேரம் திருத்திய பிறகு மீண்டும் அழுத்தித் திருக மறந்தால் 200 மீட்டர் கடிகாரமும் வாளித் தண்ணீருக்குத் தோற்கும். அவ்வாறே, வியர்த்த கையோடு, ஈரம் வற்றாத நிலையில் சாவியைத் தளர்த்துவதும் நீரை உள்ளே அழைப்பதற்கு ஒப்பாகும். உள்ளே ஈரம் இருக்கிறதா என்பதை வீட்டிலேயே அறிய வழியுண்டு. ஐ.எஸ்.ஓ. சோதனையில் 40 முதல் 45 பாகை வெப்பமுள்ள தட்டில் கடிகாரத்தைச் சூடாக்கிக் கண்ணாடிமேல் குளிர்ந்த நீர்த்துளி ஒன்றை இட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்து, உட்புறம் ஆவி படிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நெடுநேரம் கையில் அணிந்து உடற்சூடு ஏறிய கடிகாரத்தின்மேல் ஐஸ்தண்ணீர்த் துளியை வைத்து இதே முறையைச் செய்தால், துல்லியம் குறைந்தாலும், எச்சரிக்கை கிடைத்துவிடும்.

கண்ணாடியைப் பொறுத்தவரை மணலே நடுவர். தாதுக்களின் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவுகோலில் மணலின் முக்கியக் கூறான குவார்ட்ஸ் 7. சாதாரணக் கனிமக் கண்ணாடி ஏறக்குறைய 6, நீலமணி 9. வண்டல் தூசியும் கடற்கரை மணலும் கனிமக் கண்ணாடியைக் கீறும், நீலமணியைக் கீறா. ஆனால் நீலமணி பம்புசெட் இரும்பில் விளிம்போடு மோதினால் சில்லு பெயரக்கூடும். இருளில் ஒளிரும் பூச்சை மக்கள் இன்றும் ‘ரேடியம்’ என்றே அழைக்கிறார்கள். அக்கதிரியக்கப் பொருள் கடிகாரங்களிலிருந்து நீங்கி நெடுங்காலமாகிறது. இன்றிருப்பது வெளிச்சத்தை உறிஞ்சி மெல்ல உமிழும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் சேர்மம்.

சுழல்வளையம், அதாவது கண்ணாடியைச் சுற்றியுள்ள பெசல், எதிர்க்கடிகாரத் திசையில் மட்டும் திரும்பும். அதன் முக்கோணக் குறியை நிமிடமுள்ளுக்கு நேரே வைத்தால், கழிந்த நிமிடங்களை வளையத்தில் நேராகப் படிக்கலாம்; தவறுதலாக இடிபட்டு நகர்ந்தாலும் கழிந்த நேரம் கூடுதலாகக் காட்டுமேயன்றிக் குறைவாகக் காட்டாது, எனவே மூழ்குபவர் முன்னதாகவே மேலேறுவார். மூழ்காதவருக்கு இது வயலுக்குத் தண்ணீர் விடும் முறையைக் கணக்கிடவும் மோட்டாரை நிறுத்தும் நேரத்தை நினைவுறுத்தவும் உதவும். வளையத்துக்கு அடியில் சேறு புகுந்து அது இறுகினால் நல்ல தண்ணீரில் அலசுவதே மருந்து. உப்புக்காற்றில் கிடந்த எஃகுச் செயினுக்கும் அதுவே பொருந்தும். தோல் ஸ்ட்ராப் இந்த ஈரப்பதத்தில் ஒரு மழைக்காலத்துக்குள் நாறத் தொடங்கும் என்பதால் அது விலக்கத்தக்கது.

துல்லியத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. கமாசுவின் இயந்திரத்துக்கு நிறுவனம் கூறும் வரம்பு நாளுக்கு 25 நொடி முந்துவது முதல் 15 நொடி பிந்துவது வரை. எல்லையிலேயே ஓடினால் ஒரு வாரத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக முந்தும். கைபேசியைப் பார்த்து நேரம் வைத்து, ஏழு நாள் கழித்துப் பிறழ்வை ஏழால் வகுத்தால் உண்மை விளங்கும். திடீரென்று நிமிடக்கணக்கில் முந்தத் தொடங்கினால், ஒலிபெருக்கி அல்லது கைபேசி உறையின் காந்தம் உள்ளிருக்கும் மயிர்வில்லைப் பற்றியிருக்கக்கூடும். காந்தநீக்கியில் ஒருமுறை காட்டினால் சீராகும். முழு முறுக்கில் கமாசு ஏறத்தாழ 40 மணி நேரம் ஓடும் என்பதால், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கழற்றி வைத்தால் திங்கள் காலை பத்து மணியளவில் நின்றுவிடும்.

ஆகவே தீர்ப்பு இது: கடைமடையில் வாழ்ந்து, எப்போதாவது காரைக்கால் கடலில் இறங்குபவருக்கு ஓரியண்ட் கமாசு போதுமானது, புதுச்சேரிக் கடலில் கலனுடன் மூழ்கப் பயிற்சி பெறுபவர் சிட்டிசன் புரோமாஸ்டரையே தேர்க, புதிய சீக்கோ ஃபைவ் ஸ்போர்ட்ஸ் கரைக்கு உரியது, பழைய எஸ்.கே.எக்ஸ்.007 கைமாறிக் கிடைத்தால், வாஷர்களை மாற்றாமல் அதைக் குளிக்கும்போதுகூட அணியக் கூடாது. எதை வாங்கினாலும், மூடியைத் திறக்காமலே காற்றழுத்தத்தால் கசிவைக் கண்டறியும் கருவி எந்த சர்வீஸ் மையத்தில் இருக்கிறது என்பதை விசாரித்துக்கொண்டு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, புரட்டாசி முடிவதற்குள், அங்கே கொண்டுபோய்ச் சோதித்துவிடுங்கள்.